பெயர்க் கட்டம் காலி

ஒரு புரோகிராம் செத்து விழும்போது அதன் கையில் அந்த நொடியில் என்ன இருந்ததோ அதையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுப் போகும். அதற்கு கோர் ஃபைல் என்று பெயர். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் சட்டைப்பையைத் துழாவிப் பார்ப்போமே, பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு என்று ஏதாவது கிடைக்காதா என்று, அந்த மாதிரிதான். இந்தக் கோப்பைச் சேமிக்கலாமா, சேமித்தால் எங்கே, என்ன பெயரில், எவ்வளவு பெரிதாக என்பதையெல்லாம் நாம்தான் மெஷினுக்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் எங்கள் சர்வர் ஒன்றையும் வைத்துக்கொள்ளாது. எங்கள் முதலாளிக்கு அதுதான் பிடித்திருந்தது.

முதலாளி என்றால் பெரிய ஆள் இல்லை. தேரடித் தெரு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை, அதில் கம்ப்யூட்டர் சென்டர். காலையில் வகுப்பு, மதியம் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் டைப்பிங், இடையில் யாராவது சாஃப்ட்வேர் கேட்டால் அதுவும். நான் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வந்து போவேன். கம்ப்யூட்டர் படித்த பெண் என்று எங்கள் ஊரில் எனக்கு இருந்த மதிப்பில் பாதிகூட அந்த மாடியில் கிடையாது. எது கெட்டுப்போனாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். வரவழைத்தது யார் என்று எவரும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பௌர்ணமிக் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டே போனது. கிரிவலத்தில் ஆட்கள் தொலைந்துபோவதும் பெருகியது. கையை விட்ட குழந்தைகள், பஸ் நிறுத்தத்தை மறந்த பெரியவர்கள், ஒன்றாகக் கிளம்பி ஆளுக்கொரு வேகத்தில் நடந்து பிரிந்தவர்கள். விழாக் குழுவினர் ஒரு பள்ளிக்கூடத்தில் தகவல் மையம் வைத்து மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அதை கம்ப்யூட்டரில் செய்து தருகிறேன் என்று எங்கள் முதலாளி போய் நின்றார்.

புரோகிராமை எழுதியவன் என்னோடு வேலை பார்த்த பையன். எழுதி முடித்த கையோடு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நல்ல மூளைக்காரன், அதில் சந்தேகமில்லை. ஒரு பக்கம், தேடுகிறவர்கள் சொல்வதை அடிக்க வேண்டும்: தொலைந்தவரின் பெயர், வயது, ஊர், உடுப்பு, அடையாளம், கடைசியில் தேடுகிறவரின் பெயர். இன்னொரு பக்கம், வழியில் கண்டெடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் போலீஸ் பூத்துகளிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் போனில் வரும் தகவலை அதே கட்டங்களில் அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் புரோகிராமே கண்டுபிடித்துச் சொல்லும். ஒவ்வொரு பதிவுக்கும் மைக் அறையில் இருக்கும் பிரிண்டரில் ஒரு சீட்டு விழும், மைக்காரர் அதை எடுத்து வாசிப்பார். வகுப்பறை ஒன்றில் சர்வரும் மூன்று பழைய கம்ப்யூட்டர்களும், கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் அடிப்பதற்கு, சர்வரைப் பார்த்துக்கொள்ள நான்.

மாசிப் பௌர்ணமியில் முதல் தடவை ஓட்டினோம். சில பதிவுகள் காணாமல் போயின. அடித்த பெண்கள் அடித்தோம் என்றார்கள், பட்டியலில் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் தப்பா அடிச்சிருப்பீங்க. புரோகிராம்லாம் கரெக்டா இருக்குது.”

பெங்களூருக்கு போன் போட்டேன். அவன் சாவகாசமாகச் சொன்னான். “அது விழுந்து எழுந்திருக்கும். விழுந்தா தானா திரும்ப ஸ்டார்ட் ஆவற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் போட்டு வெச்சிருக்கேன். ஜனங்க காத்துக்கினு இருக்கும்போது மெஷின் நிக்கக் கூடாது இல்ல? கோர் ஃபைல் இருந்தா அனுப்பு, எங்க விழுதுனு பாக்கறேன்.”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. விழுந்த சத்தமே வெளியே கேட்காதபடி செய்திருக்கிறான். புரோகிராம் செத்தால் திரை ஒருமுறை சிமிட்டும், உடனே முதல் பக்கம் வந்து நிற்கும். ஒழுங்காகப் பதிவானாலும் அதே முதல் பக்கம்தான் வரும். அடிக்கிற பெண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. சீட்டு விழுந்ததா என்று பார்க்கலாம் என்றால் பிரிண்டர் வேறு அறையில் இருந்தது.

கோர் ஃபைலைத் தேடினேன். ஒன்றுமில்லை. முதலாளி அந்த ஸ்கிரிப்டில் அளவைப் பூஜ்யம் என்று போட்டிருந்தார். “சின்ன டிஸ்க்கு. அந்தக் குப்பையெல்லாம் எதுக்கு ரொப்பணும்?” என்றார். வீட்டில் குப்பையை மறுநாள் காலை வரை வைத்திருக்கக் கூடாது என்று நினைக்கிற சுத்தக்காரர் அவர். மெஷினிலும் அப்படியே.

பங்குனிப் பௌர்ணமிக்கு அவருக்குத் தெரியாமல் அளவைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன். கொஞ்சம் என்றால் போதாது என்பது எனக்கு அப்போது தெரியாது. எத்தனை முறை விழுந்தாலும் எல்லாக் கோப்பும் ஒரே பெயரில் வந்து, புதியது பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மிஞ்சியது கடைசியாக விழுந்த ஒன்றே ஒன்று, அதுவும் பாதியில் அறுந்துபோய் எதற்கும் பயன்படாமல். இம்முறையும் முதலாளி என் முகத்தைத்தான் பார்த்தார்.

சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். அளவுக்கு வரம்பே வேண்டாம் என்று ஸ்கிரிப்டில் போட்டேன். ஒவ்வொரு கோப்பின் பெயரோடும் புரோகிராம் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மெஷின் அதற்குப் போடும் புது எண் ஒட்டிக்கொள்ளும்படி செய்தேன், அப்போது ஒன்று இன்னொன்றை மிதிக்காது. புரோகிராமைத் தனியாக ஒரு டைரக்டரியிலிருந்து கிளப்பிவிட்டேன், கோப்புகள் அங்கேயே வந்து சேரட்டும் என்று. டிஸ்கில் இடத்துக்காக முதலாளியின் பழைய சினிமாப் பாட்டுகளை அழித்தேன். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. இதையெல்லாம் தொலைந்துபோகிறவர்களுக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். தப்பு எங்கள் விரலில் இல்லை என்று அந்த ஆளின் மூஞ்சிக்கு நேரே காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அன்றைக்கு வெயில் சொல்லி மாளாது. மலைப்பாறை காலையிலேயே கொதிக்க ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் வரை காத்திருக்க முடியாதவர்கள், அன்றே ஊர் திரும்ப வேண்டியவர்கள் என்று காலையிலிருந்தே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் லாரியில் தண்ணீர் அடித்துக்கொண்டே போனார்கள், பின்னாலேயே அது காய்ந்துகொண்டே வந்தது. நீர்மோர்ப் பந்தலிலிருந்து பந்தலுக்கு ஓடுகிற மாதிரிதான் ஜனங்கள் நடந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிழவி வந்தார், எங்கள் பக்கத்தில் ஆயா என்போம். போளூர் பக்கம் ஏதோ கிராமம். ஒல்லியான உடம்பு, கையில் ஒரு மஞ்சள் பை, காலில் செருப்பு இல்லை. அவர் வீட்டுக்காரரோடு காலையில் நடக்க ஆரம்பித்திருக்கிறார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு லிங்கத்தைக் கும்பிட ஆயா வரிசையில் நின்றபோது, வீட்டுக்காரர் நிழலில் உட்கார்கிறேன் என்று போயிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, கூட வந்தவர் வேறு யாருமில்லை.

அடித்தது என் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பெண். சிரித்த முகம், யார் எத்தனை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்வாள்.

“அவர் பேர் இன்னா ஆயா?”

ஆயா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். “ஊட்டுக்காரரு பேர நான் எப்டிம்மா சொல்றது? சாமி பேருதான்.”

இந்த ஊரில் சாமி பேர் என்றால் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். ஆயா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார், சிரிக்கவும் செய்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ “சீக்கிரம் ஆவட்டும்மா” என்று கத்தினார்கள்.

“சரி ஆயா, உங்க பேரும் ஊரும் சொல்லுங்க. மைக்ல உங்க பேர சொல்லிக் கூப்பிடுவாங்க. ஆளுக்கு அடையாளம் எதுனா?”

“கரும்பு ஆலைல சிக்கி, சோத்துக் கை கட்டை விரல்ல நகமே கெடையாது. பச்சைத் துண்டு. வெள்ளை வேட்டி. எழுவது இருக்கும்.”

பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, மற்றதையெல்லாம் அந்தப் பெண் அடித்து முடித்தாள். அங்கே இருந்த ஒருவருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. என் அம்மா ரேஷன் கடையில் நின்றுகொண்டு, அப்பாவின் பெயரைக் கேட்டால் என்னைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்துவாள், நான்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மாவும் சொல்லமாட்டாள், பெங்களூரில் இருக்கிறவனின் அம்மாவும் சொல்லமாட்டாள். ஆனால் அவன் ஆண்பிள்ளை. யார் பெயரைக் கேட்டாலும் சட்டென்று சொல்லிப் பழகியவன். பெயர் இல்லாமல் ஒரு மனிதர் அந்தக் கட்டத்துக்கு வந்து நிற்பார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

“பதிஞ்சாச்சு ஆயா. வெளிய வராந்தால உக்காருங்க. மைக்ல வரும்.”

ஆயா வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்தார். என் ஜன்னலிலிருந்து அவர் தலை தெரியும். மைக்கில் ஒவ்வொரு பெயர் வரும்போதும் அந்தத் தலை நிமிரும், பிறகு தாழும். நான் ஒருமுறை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். “எம் பேரு வர்லியே பாப்பா” என்றார். “கூட்டம் ஜாஸ்தி, வரிசையா படிப்பாங்க ஆயா” என்றேன். அவரும் அதை நம்பினார். சாயங்காலமும் கேட்டார், அதற்கும் அதையே சொன்னேன்.

பிற்பகலில் சர்வரில் எட்டிப் பார்த்தபோது என் டைரக்டரியில் கோர் ஃபைல்கள் சேர்ந்துகொண்டிருந்தன. எனக்கு உள்ளுக்குள் குஷி. தனித்தனியாக, அறுபடாமல், எண்ணோடு, நான் சொன்ன மாதிரியே வந்து உட்கார்ந்திருந்தன. கூட்டம் கலையட்டும், மொத்தமாகப் பெங்களூருக்கு அனுப்புவோம் என்று நினைத்துக்கொண்டேன். அவனும் அப்படித்தான் சொல்லியிருந்தான். கோர் ஃபைலை யாரும் அப்போதே திறந்து பார்ப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, ஏன் விழுந்தது என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பதுதான் வழக்கம்.

மறுநாள் காலையில் நான் வந்தபோது ரோடு முழுக்க அறுந்த செருப்பும் மோர்ப் பாக்கெட்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னும் கூட்டம் இருந்தது, பள்ளிக்கூடம் வெறிச்சென்று கிடந்தது. ஆயா மட்டும் அதே தூணோரம், மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து முடியை முடிந்துகொண்டார்.

“அவரு ஊருக்குப் போயிருப்பாரானு பாத்தா, பஸ்ஸுக்குத் துட்டு எங்கிட்டதான் கீது.”

உள்ளே போய்ப் பட்டியலில் அவர் ஊரைத் தேடினேன். இல்லை. அவர் பெயரைத் தேடினேன். அதுவும் இல்லை. அடித்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் பயந்துபோய், “சத்தியமா அடிச்சேன்கா. நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க” என்றாள். முதலாளி அப்போதுதான் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். “அடிச்சா எங்க போவும்? காக்கா தூக்கினு போச்சா?” என்றார்.

டைரக்டரிக்குள் போனேன். கோர் ஃபைலில் முக்கால்வாசி, மனிதர் படிக்கிற சங்கதியாக இருக்காது. அதிலிருந்து எழுத்துகளை மட்டும் பொறுக்கித் தரும்படி ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டு ஆயாவின் ஊர்ப் பெயரைத் தேடினேன். நாங்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். திரையில் வந்து விழுந்தது. ஊர், ஆயாவின் பெயர், எழுபது வயது, வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு, வலது கட்டை விரல் நகம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

“சார்! இங்க பாருங்க. நாங்க அடிச்சிருக்கோம். உங்க புரோகிராம்தான் செத்துப்போச்சு. பேரு இல்லனா செத்துப்போவுது!”

நான் கத்திய கத்தலில் மூன்று பெண்களும் எழுந்துவந்தார்கள். இத்தனை நாள் கேட்ட பேச்சுக்கெல்லாம் ஒரே நிமிஷத்தில் பதில் கொடுத்துவிட்ட மிதப்பு எனக்கு. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் முகம் சுருங்குவதை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். மற்றதும் இப்படித்தானா என்று காட்டிவிடுவோம் என்று, இதற்கு முன்னால் விழுந்திருந்த கோப்பையும் திறந்தேன்.

அது ஆஸ்பத்திரியிலிருந்து போனில் வந்த பதிவு. மூன்றாவது கம்ப்யூட்டரில் இருந்த பெண் அடித்தது. ஆண். எழுபது இருக்கும். வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு. வழியில் மயங்கி விழுந்தவர், பேச்சில்லை. வார்டில் சேர்த்திருக்கிறது. வலது கை கட்டை விரலில் நகம் இல்லை.

அங்கேயும் பெயர் காலி.

மூன்றாவது கம்ப்யூட்டர்ப் பெண் அழ ஆரம்பித்தாள். நான் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். அந்தப் பக்கம் ஒரு அம்மா, நர்ஸாக இருக்க வேண்டும், வார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நேத்து சாயங்காலம் தவறிட்டாருமா. அவரு வந்தப்பவே உங்களுக்குத்தான் போன் பண்ணி சொன்னோமே, யாரும் வர்லியே” என்றார்.

ஆயாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வழியில் நான் எதையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரில இருக்காரு என்று மட்டும் சொன்னேன். அவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். “ஒண்ணும் துண்ணாம நடந்தாரு, நான் சொன்னா கேக்கறதில்ல” என்று அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆட்டோ வார்டுப் பக்கம் போகாமல் பின்பக்கம் திரும்பியதும் திட்டுவது நின்றது.

அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. ஆயா அவர் கையைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார், முகத்தை அப்புறம்தான்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டார். பெயர் கேட்டார். ஆயா சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, இந்த ஊர்க்காரர்தானே. ஆயாவின் ஊரில் டெலிபோன் இருந்த ஒரு கடைக்குச் சொல்லி அனுப்பினோம். மத்தியானத்துக்குள் மகன் வந்துசேர்ந்தார். நாற்பது வயது இருக்கும், வயலிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர் போல முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. அவர்தான் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

அதற்குள் எங்கள் முதலாளியும் வந்துவிட்டார். விழாக் குழுவில் யாராவது வருவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று வந்தார் என்பது என் எண்ணம். மகனிடம் ரொம்பப் பணிவாகப் பேசினார். பேசி, கடைசியில் சொன்னார்.

“அம்மா பேரு சொல்லாம உட்டுட்டாங்க. பேரு இல்லாம கம்ப்யூட்டர் எடுத்துக்காதுங்க. சொல்லியிருந்தா அப்பவே மைக்ல வந்திருக்கும்.”

மகன் திரும்பி ஆயாவைப் பார்த்தார். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாது, பக்கத்தில் இருப்பவர்மேல்தான் இறங்கும். அது எனக்குப் புரிகிறது. அப்படியும் அவர் கேட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

“பேர சொன்னா நாக்கு அறுந்துடுமா உனுக்கு? நீ வாயத் தொறக்காமயே எங்கப்பன சாவடிச்சிட்டியே!”

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆயா இன்னும் கொஞ்சம் ஒடுங்கினார். மகன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இனி அந்த வீட்டில் ஒவ்வொரு திவசத்துக்கும் இந்தப் பேச்சு வரும் என்று எனக்குத் தோன்றியது. சொந்தக்காரர்கள் சொல்வார்கள், மருமகள் சொல்வாள், பேரப் பிள்ளைகள் காதில் விழும். ஆயா சாகிற வரைக்கும் இதுதான் அவர் பெயராக இருக்கும்.

முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, “அவருது பதிவும்தான் விழுந்துபோச்சு, அத ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு? நீ போய் அந்த ஃபைலையெல்லாம் அழிச்சுடு. பழையபடி பூஜ்யம் போட்டு வை. வெளிய தெரிஞ்சா அடுத்த பௌர்ணமிக்கு நம்மள உள்ளயே உட மாட்டாங்க.”

நான் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இரண்டு கோப்பிலிருந்தும் எழுத்துகளைப் பொறுக்கித் தனித்தனித் தாளில் பிரிண்ட் எடுத்தேன். எந்தக் கோப்பு எப்போது விழுந்தது என்பதையும் சேர்த்தே எடுத்தேன். பிரிண்டர் மைக் அறையில் இருந்தது. அங்கே மைக்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நேற்று முழுக்க அந்தப் பிரிண்டரில் வராத சீட்டு இரண்டும் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பழைய செட்டிங்கில் விட்டிருந்தால் ஒன்றுமே இருந்திருக்காது. அளவை மட்டும் கூட்டிவிட்டு, கோப்பின் பெயரைப் பங்குனி மாதத்தில் இருந்தபடியே விட்டிருந்தால், பிந்தி விழுந்தது முந்தியதை மிதித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததன் தடமே இருந்திருக்காது. அப்போது முதலாளி சொன்னதுதான் உண்மை என்று நானே நம்பியிருப்பேன்.

நான் திரும்பிப் போனபோது அவர்கள் இன்னும் அந்த மரத்தடியில்தான் இருந்தார்கள். உடம்பைக் கொண்டுபோகக் காகிதம் கைக்கு வர நேரமாகும் என்று சொல்லியிருந்தார்களாம். முதலாளி போய்விட்டிருந்தார். மகன் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் ஆயாவின் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

அவரே கேட்டார். “நான் பேர சொல்லியிருந்தா கெடச்சிருப்பாரா பாப்பா?”

“இல்ல ஆயா.”

அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். நான் மகனைக் கூப்பிட்டேன். “அண்ணா, நீங்களும் வந்து பாருங்க, உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல?” அவர் வந்து நின்றார். நான் இரண்டு தாளையும் தரையில் விரித்து வைத்து, காற்றில் பறக்காமல் கையால் பிடித்துக்கொண்டேன்.

“இது அப்பாவப் பத்தி ஆஸ்பத்திரிலேந்து சொன்னது. இதுதான் மொதல்ல வந்தது. அவருக்குப் பேச்சு இல்ல, அதனால இதுலயும் பேரு கெடையாது. இதையும் மெஷின் எடுத்துக்கல. இது அம்மா சொன்னது, அப்புறமா வந்தது. அம்மா பேர சொல்லியிருந்தா இது ஒண்ணு மட்டும் பதிஞ்சிருக்கும். ஆனா சேத்துப் பாக்க அப்பாவோடது அங்க இருந்திருக்காது. மைக்ல சொல்லியிருந்தாலும், ஆஸ்பத்திரில மயக்கத்துல இருக்கறவரு காதுல எப்படி விழும்? தப்பு அம்மாமேல இல்லண்ணா. அந்தப் புரோகிராமை எழுதினவங்க, அத வெச்சி ஓட்டினவங்க, எங்கமேலதான்.”

மகன் குனிந்து இரண்டு தாளையும் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆங்கில எழுத்தில் இருந்த தமிழ், அதனால் நேரமாயிற்று. வலது கட்டை விரல் நகம் இல்லை என்பதை இரண்டிலும் படித்தார். பிறகு ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஆயா அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. காரியம் முடிந்தது, எழுந்துவிடலாம் என்று தாள்களை மடிக்கப் போனேன். ஆயா என் கையைப் பிடித்தார்.

“அந்தப் பொட்டி உள்ளத்தான் இது ரெண்டும் கெடந்துதா?”

“ஆமா ஆயா.”

“அவுருதும் எம்முதும்?”

“ஆமா.”

“பக்கத்துப் பக்கத்துலயா?”

நான் தலையாட்டினேன். ஆயா இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். ஓர் எழுத்துகூடத் தெரியாதவர், எதையோ படித்துவிடப் போகிறவர் போலப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“நான் வராந்தால உக்காந்திருந்தப்போ அவுரு உசுரோட இருந்தாரா?”

தாளில் நேரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் சொன்ன நேரமும் எனக்குத் தெரியும். மகனும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இந்த ஒன்றை மட்டும் நான் கணக்குப் போட்டுப் பார்க்காமலே இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இருந்தாரு ஆயா,” என்றேன். “பொழுது சாயற வரைக்கும் இருந்தாரு.”